இரு வாய்களின் நகரம்: கார்ட்டஹேனாவும் அதன் நீர்வழிகளும்

கொலம்பியாவின் கரீபியன் கரையில் உள்ள கார்ட்டஹேனாவுக்கு வரும் பெரிய கப்பல் எதுவும், நகரம் கண்ணில் பட்ட உடனே அதற்குள் நுழைந்துவிட முடியாது. வானளாவிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் போக்காகிராண்டே முனை எதிரே தெரியும். அதை ஒட்டி அகன்ற நீர்ப்பரப்பு திறந்தே கிடக்கும். அந்த வழியே போனால் துறைமுகம் சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் கப்பல் தெற்கே திரும்பி, தியர்ரா போம்பா தீவை நீளவாக்கில் கடந்து, அதன் தென்கோடியில் உள்ள குறுகலான போக்காச்சிக்கா வழியாகவே விரிகுடாவுக்குள் வருகிறது. திறந்து கிடப்பதுபோல் தெரியும் வடக்கு வழியில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கல்மதில் கிடக்கிறது. 1778இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மதில் இன்றுவரை கப்பல்களின் பாதையைத் தீர்மானிக்கிறது.

ஸ்பானிய மொழியில் 'போக்கா' என்றால் வாய். போக்காகிராண்டே பெரிய வாய். போக்காச்சிக்கா சிறிய வாய். நீர் புகும் வழியை வாய் என்று சொல்வது தமிழனுக்குப் புதிதல்ல. கால்வாய், வாய்க்கால் என்று நாமும் அப்படித்தான் பேசுகிறோம். கார்ட்டஹேனாவின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றை அரசர்கள், போர்கள், கோட்டைகள் என்ற வரிசையில் சொல்வது வழக்கம். அந்த வரலாற்றின் அச்சு இந்த வாய்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த வாய் திறந்திருந்தது, எதை யார் மூடினார்கள், மூடியதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் நகரத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒரே கதையாகக் கோத்துக்கொள்கின்றன.

மணலும் பவளமும்

வடகிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையை அறைந்துகொண்டே இருக்கிறது. கொலம்பியாவின் பெருநதியான மக்தலேனா, நகரத்துக்கு வடகிழக்கே பாரங்கியா அருகே கடலில் கலக்கிறது. அது கொண்டுவந்து கொட்டும் மண்ணை அலையும் நீரோட்டமும் கரையோரமாகத் தென்மேற்கே தள்ளுகின்றன. அப்படி வந்து படிந்த மணல்திட்டுகள் மேல்தான் பழைய நகரம் நிற்கிறது. ஒருபுறம் கடல், மற்ற புறங்களில் காயலும் கண்டல் காடும் சிறு ஓடைகளும். நகரத்துக்குள் பெரிய மேடு எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி எழும் லா போப்பா குன்று மட்டும் ஏறத்தாழ 150 மீட்டர் உயரம். கடலோடிகளுக்கு அதுவே அடையாளம்.

மணல்திட்டுகளுக்குத் தெற்கே விரிகுடா. அதன் மேற்கு வாசலில் குறுக்கே படுத்த காவலாளி போலத் தியர்ரா போம்பா தீவு. பழைய பவளப்பாறை மேலெழுந்து உண்டான நிலம் அது. தீவின் வடபுறம் பெரிய வாய், தென்புறம் சிறிய வாய். சிறிய வாயின் மறுகரையில் பரூ. நிலத்தோடு ஒட்டியிருந்த பரூ, பின்னாளில் வெட்டப்பட்ட நீர்வழியால் தீவானது.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. கரீபியன் சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்கு இது தெற்கே இருக்கிறது. விரிகுடா ஆழமானது, அலை அடங்கியது. இங்கே கடலின் ஏற்ற இறக்கம் அரை மீட்டர்கூட எட்டுவதில்லை என்பதால், ஓதத்துக்காகக் காத்திராமல் கப்பல் வந்துபோகலாம். குறை ஒன்றுதான்: குடிநீர் தரும் ஆறு இல்லை. வீடுகளின் முற்றத்துக்கு அடியிலும் கோட்டைகளுக்கு உள்ளேயும் தொட்டி கட்டி மழைநீரைச் சேமித்துத்தான் நகரம் நூற்றாண்டுக் கணக்கில் தாகம் தீர்த்துக்கொண்டது. உப்பு நீர் சூழ்ந்த இடத்தில் நல்ல நீருக்கு வானத்தை நம்பிய நகரம் இது.

வெள்ளியின் காத்திருப்பு அறை

1533இல் பெத்ரோ தெ எரேதியா இங்கே நகரத்தை நிறுவியபோது, கலமாரி என்ற பழங்குடி ஊர் ஏற்கெனவே இருந்தது. ஸ்பானியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்ற இந்தியா கத்தலினா என்ற பழங்குடிப் பெண்ணின் சிலை இன்று நகரத்தின் சின்னங்களில் ஒன்று. தெற்கே சினூ ஆற்றுப் பகுதியில் செனூ மக்கள் தம் இறந்தோரைப் பொன்னோடு புதைத்திருந்தார்கள். அந்தப் புதைமேடுகளைத் தோண்டிய பொன்னே நகரத்தின் முதல் மூலதனம். மூதாதையர் கல்லறையைக் கொள்ளையடித்த செல்வத்தில் எழுந்த ஊர் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பொன் தீர்ந்த பிறகும் நகரம் தீரவில்லை. காரணம், விரிகுடா. ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட கப்பற்கூட்டம் முதலில் கார்ட்டஹேனாவில் நங்கூரம் பாய்ச்சும். பெருவின் வெள்ளி பசிபிக் வழியாகப் பனாமாவை வந்தடைந்த செய்தி கிடைக்கும்வரை இங்கே காத்திருக்கும். பிறகு போர்ட்டோபெலோ சந்தைக்குப் போய் வெள்ளியை ஏற்றிக்கொண்டு மறுபடியும் இங்கே வந்து, அவானா வழியாக நாடு திரும்பும். ஒரு பேரரசின் செல்வம் தங்கிச் செல்லும் இடமானது இந்த நகரம்.

செல்வம் தங்கும் இடத்தை மற்றவர்களும் கண்டுகொள்வார்கள். 1586இல் பிரான்சிஸ் டிரேக் நகரத்தைப் பிடித்து, வாரக்கணக்கில் தங்கி, 1,07,000 தூக்காத் பொற்காசுகளை மீட்புத்தொகையாக வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் இரண்டாம் பிலிப்பு மன்னர், இத்தாலியப் பொறியாளர் பாவுதிஸ்தா அந்தோனெல்லியை அனுப்பினார். அவர் தொடங்கிவைத்த மதில் வேலை 1796 வரை, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கட்டுவது, கடல் அரிப்பது, மீண்டும் கட்டுவது என்றே காலம் போயிற்று. கற்களில் பெரும்பங்கு தியர்ரா போம்பாவின் பவளப்பாறையிலிருந்து வெட்டப்பட்டது. அதே பாறையைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பும் எடுத்தார்கள். இன்றும் மதில்மேல் நடப்பவர் குனிந்து பார்த்தால், கல்லின் முகத்தில் பவளத்தின் கண்ணறைகள் தெரியும்.

கல் சுமந்தவர்கள்

அந்தக் கல்லை வெட்டியவர்கள், சுமந்தவர்கள், சுண்ணாம்புச் சூளையில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களே. ஸ்பானிய அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்க அரசு அனுமதித்த தலையாய துறைமுகங்களில் கார்ட்டஹேனா ஒன்று. 1595 முதல் 1640 வரை இந்த வணிக உரிமை போர்ச்சுக்கீசிய வணிகர்கள் கையில் இருந்தது. அங்கோலாவிலிருந்தும் மேல் கினி கரையிலிருந்தும் வந்த கப்பல்கள் அதே வாய்கள் வழியாக உள்ளே நுழைந்தன. வெள்ளி வெளியே போன வழியே மனிதர்கள் உள்ளே கொண்டுவரப்பட்டார்கள்.

இயேசு சபைத் துறவி அலோன்சோ தெ சந்தோவால் அந்தக் கப்பல்களில் ஏறி இறங்கிய அனுபவத்தைக் கொண்டு 1627இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அடிமைமுறையை அவர் முற்றாக எதிர்க்கவில்லை. ஆனால் வந்தவர்களின் இனங்களையும் மொழிகளையும், கப்பலில் அவர்கள் பட்ட பாட்டையும் அக்கறையோடு பதிவுசெய்த அரிய சாட்சியம் அது. அவர் வழியில் வந்த பெத்ரோ கிளவேர், 1654இல் இறக்கும்வரை, கப்பல் வந்த செய்தி கேட்டவுடன் நீரும் பழமும் மருந்தும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குள் இறங்கினார். 1888இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் பக்கத்தில் நின்று ஆப்பிரிக்க மொழிகளில் பேசி ஆறுதல் சொன்ன மொழிபெயர்ப்பாளர்களும் அடிமைகளே. இயேசு சபைக் கல்லூரிக்கு உடைமையாக இருந்தவர்கள். புனிதரின் கதையைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லோரும் பணிந்து கிடக்கவில்லை. தப்பியவர்கள் சதுப்புகளைக் கடந்து மரியா மலைப்பகுதியில் மரவேலி சூழ்ந்த ஊர்களை அமைத்தார்கள். 'பலெங்கே' என்பது அந்த ஊர்களின் பெயர். அவர்களின் தலைவர் பெங்கோஸ் பியோகோவுடன் நகர ஆட்சி முதலில் சமாதானம் பேசியது. பிறகு 1621இல் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டது. ஆனாலும் பலெங்கேக்கள் அழியவில்லை. நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள சான் பசிலியோ தெ பலெங்கே இன்றும் வாழ்கிறது. ஸ்பானியச் சொற்களும் ஆப்பிரிக்கக் கிகொங்கோ மொழியின் தடங்களும் கலந்த தனிமொழி அங்கே பேசப்படுகிறது. 2005இல் யுனெஸ்கோ அவர்களின் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச்செல்வமாக அறிவித்தது. கடலைப் பார்த்துக் கட்டிய மதில் நிலத்தின் பக்கம் தப்பியோடிய விடுதலையைத் தடுக்க முடியவில்லை.

மணல் மூடிய வாய், மனிதர் மூடிய வாய்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்கள் வழக்கமாக வந்துபோனது பெரிய வாய் வழியாகத்தான். 1640இல் ரொத்ரிகோ லோபோ த சில்வாவின் போர்ச்சுக்கீசியக் கப்பற்கூட்டம் நுழைய முயன்றபோது, மூன்று பெரிய கப்பல்கள் அந்த வாயிலேயே மூழ்கின. கரையோரமாக ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்த மணலுக்கு அந்த உடைந்த மரக்கூடுகள் அணையாக அமைந்தன. மணல் சேர்ந்து, திட்டு வளர்ந்து, பெரிய வாய் தானாக மூடிக்கொண்டது. எந்தப் பொறியாளரும் திட்டமிடாத மாற்றம் அது. நகரத்தின் பாதுகாப்புத் திட்டமோ அதனால் தலைகீழானது. இனி எதிரி சிறிய வாய் வழியாகத்தான் வர முடியும் என்பதால் அங்கே சான் லூயிஸ் கோட்டை எழுந்தது. 1697இல் பிரெஞ்சுத் தளபதி போயந்தி அந்த வழியாகவே வந்து, கோட்டையை வீழ்த்தி, நகரத்தைச் சூறையாடினார்.

1741 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் படை அதைவிடப் பன்மடங்கு பெரியது. எட்வர்ட் வெர்னான் தலைமையில் வந்த போர்க்கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் சேர்ந்து 180க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. நகரத்தைக் காக்க ஏறத்தாழ 3,000 வீரர்களும் ஆறு போர்க்கப்பல்களும் மட்டுமே இருந்தன. அரசப் பிரதிநிதி செபஸ்தியான் தெ எஸ்லாவாவும், முந்தைய போர்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் ஒரு கையின் வலுவையும் இழந்திருந்த கடற்படைத் தளபதி பிளாஸ் தெ லெசோவும் காவலை நடத்தினார்கள். அவர்களின் போர்முறையின் சாரம் வாயை அடைப்பதுதான். சிறிய வாயில் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தார்கள். அது போதாமல் போனதும் உள்விரிகுடாவின் நுழைவாயிலிலும் அப்படியே செய்தார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சான் லூயிஸ் விழுந்தது. வெற்றி உறுதி என்று நம்பி இங்கிலாந்தில் பதக்கங்கள்கூட அச்சாயின. ஆனால் வாய்களில் கழிந்த ஒவ்வொரு நாளும் பிரிட்டிஷாருக்குப் பாதகமாகவே முடிந்தது. மழைக்காலம் நெருங்கியது, கொசு பெருகியது, மஞ்சள் காய்ச்சல் படைக்குள் புகுந்தது. கரீபியனிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் சிறுவயதில் அந்தக் காய்ச்சலைக் கண்டு தேறியவர்கள். புதிதாக வந்திறங்கியவர்களுக்கு அந்த எதிர்ப்பாற்றல் இல்லை. ஏப்ரல் 20 அன்று சான் பெலிப்பே கோட்டைமீது நடந்த தாக்குதல் பெருந்தோல்வியில் முடிந்தது. மே மாதம் படை திரும்பிப்போனது. நோயில் மடிந்தவர்கள் குண்டில் மடிந்தவர்களைவிடப் பல மடங்கு. அதே ஆண்டு செப்டம்பரில் லெசோவும் இறந்தார்.

இந்தப் போரிலிருந்து ஸ்பெயின் கற்ற பாடத்தைக் கல்லில் எழுதியவர் அந்தோனியோ தெ அரேவலோ. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடல் பழைய மணல்திட்டை உடைத்துப் பெரிய வாயை மறுபடி திறந்துவிட்டிருந்தது. இரண்டு வாய்களையும் ஒருசேரக் காப்பது இயலாத காரியம். ஆகவே இயற்கை ஒருமுறை செய்ததை மனிதக் கையால் நிலையாகச் செய்துவிட முடிவெடுத்தார்கள். 1771 முதல் 1778 வரை, மரத்தூண்கள் அடித்து, கற்களை நீருக்குள் கொட்டி, பெரிய வாயின் குறுக்கே கடலடி மதில் கட்டினார் அரேவலோ. சிறிய வாயின் இரு கரையிலும் சான் பெர்னாந்தோ, சான் ஹோசே கோட்டைகள் எதிரெதிரே எழுந்தன. அன்று முதல் கார்ட்டஹேனாவுக்கு ஒரே வாசல்.

ஆற்றை நோக்கிய வாய்

கடற்புறம் இப்படியென்றால் நிலப்புறம் இன்னொரு சிக்கல். நாட்டின் உட்பகுதிக்குச் செல்லும் ஒரே பெருவழி மக்தலேனா ஆறு. நகரமோ அதன் கரையில் இல்லை. 1650இல் ஆளுநர் பெத்ரோ சபத்தா தெ மெந்தோசா, ஆற்றுக்கும் விரிகுடாவுக்கும் இடையே கிடந்த ஏரிகளையும் சதுப்புகளையும் கோத்து ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். அதுவே தீக்கே கால்வாய். இன்று அதன் நீளம் ஏறத்தாழ 115 கிலோமீட்டர்.

வெட்டிய நாள் முதல் அதன் எதிரி வண்டல்தான். வெள்ளம் வடிந்தால் கால்வாய் தூர்ந்துவிடும், தூர்வாரப் பணம் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். 1840களில் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் டோட்டன் அதைப் புதுப்பித்தார். பின்னாளில் பனாமா ரயில்பாதையைக் கட்டியவர் அவர்தான். அந்த வேலையும் நிலைக்கவில்லை. கால்வாய் மூடிய ஆண்டுகளில் கார்ட்டஹேனா தன் நாட்டிலிருந்தே துண்டிக்கப்பட்டது. ஆற்றின் கழிமுகத்தில் இருந்த பாரங்கியா ரயில்பாதை போட்டு, கடற்பாலம் கட்டி, வணிகம் முழுவதையும் இழுத்துக்கொண்டது.

மதிலுக்குள் பசி

1811 நவம்பர் 11 அன்று கார்ட்டஹேனா ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை அறிவித்தது. தயங்கி நின்ற மேட்டுக்குடியினரை அந்த முடிவுக்குத் தள்ளியவர்கள் ஹெட்செமானி பேட்டையின் கைவினைஞர்களும் கறுப்பர்களும் கலப்பினத்தவரும். கியூபாவில் பிறந்த பெத்ரோ ரொமேரோ அவர்களுக்குத் தலைமை தாங்கினார். இன்றும் நவம்பர் 11 நகரத்தின் பெருவிழா.

நான்கு ஆண்டுகளுக்குள் ஸ்பெயினின் படை பாப்லோ மொரீயோ தலைமையில் திரும்பி வந்தது. மதிலை உடைக்க அவர் முயலவில்லை. கடலிலும் நிலத்திலும் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார். ஸ்பானிய அரசு அயலாரைத் தடுக்கக் கட்டிய ஒற்றை வாசல், நகரத்து மக்களைப் பட்டினி போட அதே அரசுக்கு இப்போது கைகொடுத்தது. 1815 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நீடித்த முற்றுகையில் மக்கள் குதிரையையும் நாயையும் எலியையும் தின்றார்கள். தோலை வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ 6,000 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கினர், மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. நகரத்துக்கு 'வீரநகர்' என்ற பட்டம் நிலைத்தது இந்தத் துயரத்தால்தான். 1821இல் விடுதலை வந்தபோது, அதைக் கொண்டாட எஞ்சியிருந்தது களைத்துப்போன ஊர்.

1777 கணக்கெடுப்பில் 13,000 பேருக்கு மேல் வாழ்ந்த நகரத்தில் 1870இல் ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை. முற்றுகை, 1849இன் காலரா, தூர்ந்த கால்வாய் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. 1894இல் மக்தலேனா கரையில் உள்ள கலமார் ஊர்வரை ரயில் வந்தபோதுதான் மூச்சு திரும்பியது. அப்போது மதில் முன்னேற்றத்துக்குத் தடையாகத் தோன்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அதன் பல பகுதிகளை இடித்தார்கள். நகரத்துக்கும் ஹெட்செமானிக்கும் இடையே ஓடிய நீரைத் தூர்த்து லா மத்தூனா என்ற வணிகப் பகுதியை உண்டாக்கினார்கள். இடித்தது போக எஞ்சியதையே 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மதிலை ஒட்டி இருந்த சம்பக்கூ என்ற கறுப்பின ஏழைக் குடியிருப்போ 1970களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. அந்த மக்களின் வாழ்வை மானுவேல் சபத்தா ஒலிவேயா 1963இல் வெளிவந்த நாவலில் எழுதிவைத்ததால், அவர்கள் நினைவாவது மிஞ்சியது.

திரும்பி வரும் நீர்

20ஆம் நூற்றாண்டு தீக்கே கால்வாயை விடாப்பிடியாகத் திறந்து வைத்தது. 1920களிலும், 1950களின் தொடக்கத்திலும், 1981 முதல் 1984 வரையிலும் அதை அகலப்படுத்தி, வளைவுகளை நிமிர்த்தினார்கள். எண்ணெய்ப் படகுகளுக்கு நேர்வழி கிடைத்தது. ஆனால் ஆற்றின் வளைவு வீண் அல்ல. வளைவில்தான் நீர் வேகம் குறைந்து மண்ணைக் கீழே விடும். நேராக்கப்பட்ட கால்வாய் மக்தலேனாவின் வண்டலை விரிகுடாவில் நேரே கொட்டியது. தெளிந்த நீரில் பவளமும் கடற்புல்லும் செழித்த விரிகுடா கலங்கியது. 1977இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரொசாரியோ தீவுகளின் பவளத்திட்டுகள்வரை அந்தக் கலங்கல் போய்ச் சேர்கிறது. நகரத்தின் உயிராக இருந்த விரிகுடாவை, நகரத்தின் இன்னோர் உயிர்வழி மூச்சுத்திணற வைக்கிறது.

நகரத்தின் வடகிழக்கே உள்ள கன்னிக் காயல் இன்னொரு பாடம் சொல்கிறது. கடலோடு அதன் தொடர்பு அடைபட, நகரத்தின் கழிவுநீர் அதில் தேங்கி மீன்கள் செத்து மிதந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்தின் உதவியோடு அங்கே ஓதக் கதவுகள் அமைக்கப்பட்டன. ஒரு தொகுதிக் கதவுகள் கடல் ஏறும்போது நீரை உள்ளே மட்டும் விடும். மற்றொன்று கடல் இறங்கும்போது வெளியே மட்டும் விடும். அரை மீட்டருக்கும் குறைந்த அந்த ஏற்ற இறக்கத்தையே உந்துவிசையாக்கிக் காயலை மூச்சுவிடச் செய்யும் ஏற்பாடு இது. வாயை மூடியே பழகிய நகரம், நிதானமாகத் திறக்கவும் கற்றுக்கொண்டது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் இப்போது கடல் வாசலைத் தேடி வருவதில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்த நூற்றாண்டில் கார்ட்டஹேனாவில் கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் உயர்கிறது. உலகச் சராசரியைவிட இரு மடங்குக்கும் மேல். கடல் உயர்வதோடு நிலமும் தாழ்கிறது. மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்த நிலம் மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களின் உயர் ஓத நாட்களில் போக்காகிராண்டேயின் தெருக்களில் மழையே இல்லாமல் நீர் நிற்கிறது. மழைநீர் வடிகால்கள் வழியாகக் கடல் கீழிருந்து ஏறி வருகிறது. அரேவலோவின் மதில் தடுத்தது போர்க்கப்பலை. இந்த எதிரியை எந்த ஒற்றை மதிலும் தடுக்காது.

இன்று கரைப்பாதுகாப்புக்காகப் பேரளவில் அலைதடுப்புகள் எழுகின்றன. அவற்றில் முதலிடம் பெறுவது விடுதிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த போக்காகிராண்டே. எதிரே, அரை மணி நேரப் படகுப் பயணத்துக்கும் குறைவான தொலைவில் தியர்ரா போம்பா. ஆப்பிரிக்க வழிவந்த மீனவக் குடும்பங்கள் வாழும் அந்தத் தீவின் கரையோர வீடுகள் பலவற்றைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டது. ஒரு கரையில் போடும் கல் அலையின் வேகத்தை இன்னொரு கரைக்குத் தள்ளிவிடும் என்பதை 1640ஆம் ஆண்டு மணல்திட்டிலிருந்தே இந்த விரிகுடா காட்டி வந்திருக்கிறது. நகரத்தைக் காக்கும் திட்டம் எதுவானாலும் அதன் கணக்கு தியர்ரா போம்பாவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு. மதிலுக்குக் கல் அந்தத் தீவிலிருந்துதான் வந்தது. கொடுத்த கரை இன்று கரைந்துகொண்டிருக்கிறது.